மிச்சச் சதை

இராயபுரம்
7-2-1971

ஹில்டாவுக்கு கஸ்பார் எழுதுவது.

நலம் என்று எழுதினால் பொய். உன் நலம் அறிய ஆசை என்று எழுதினால் நீயே சிரிப்பாய். ஐந்து வருஷமாகக் கூடப்பிறந்தவளுக்கு ஒரு கார்டுகூடப் போடாதவன் திடீரென்று கவர் ஒட்டுகிறான் என்றால் காரியம் இல்லாமல் இருக்குமா? இருக்கிறது. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

என் மூக்கில் சதை வளர்கிறது. இடது பக்கம். இரண்டு வருஷமாக அந்தப் பக்கம் அடைப்பு. துறைமுகத்துத் தச்சுப் பட்டறையில் காலமெல்லாம் மரத்தூளைத் தின்றவனுக்கு மூக்கு அடைக்காமல் என்ன செய்யும் என்று நானும் சும்மா இருந்தேன். மூக்கு உள்ளவரை சளி என்று உன் அண்ணி பிலோமி சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். பிறகு தலையணையில் ரத்தம். போன ஜூலையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். மூக்குத் துவாரம் வழியாகவே கம்பி விட்டு எடுத்தார்கள். எடுத்ததைச் சோதித்து ஒரு காகிதமும் கொடுத்தார்கள், எல்லாம் இங்கிலீஷ். கெடுதி இல்லாத கட்டி என்று டாக்டர் படித்துச் சொன்னார். கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

கிறிஸ்மஸுக்குள் மறுபடியும் அடைத்துவிட்டது. இப்போது கண்ணுக்குக் கீழே புடைப்பும் இருக்கிறது. பட்டறையில் என்னோடு வேலை பார்க்கிற லட்சுமணன், "இன்னாபா கஸ்பார், வாயில ஒரு பக்கம் பன்னு அடக்கிகினு கீறியா?" என்று கேட்கிறான். போன வாரம் பார்த்த டாக்டர் புதியவர். கன்னத்தைத் திறந்து, மேல்தாடையில் ஒரு பக்கத்தையே எடுக்க வேண்டும் என்கிறார். "கான்சரா சார்?" என்றேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்கிறார். கழுவுற மீனில் நழுவுற மீன். ஒரு பலகையைத் தட்டிப் பார்த்து, உள்ளே உளுத்திருக்கிறதா இல்லையா என்று நான் சொல்லிவிடுவேன். இவர் டார்ச் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு இப்படிச் சொல்கிறார்.

காகிதம் கெடுதி இல்லை என்கிறது. டாக்டர் முகத்தைக் கொடு என்கிறார். நான் யாரை நம்புவது? நீ திருச்சி ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட சதைகளைச் சோதிக்கிற இடத்தில்தானே வேலை பார்க்கிறாய். காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துவிட்டு எழுது.

இதனால் பழையது எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. வியாசர்பாடிக்காரனை ரிஜிஸ்தர் கலியாணம் செய்துகொண்டது மெய்தானா என்று நைனா படுக்கையில் கிடந்து உன்னைக் கேட்டபோது, நான் கதவோரம் நின்று கையெடுத்துக் கும்பிட்டேன், இல்லை என்று ஒரு வார்த்தை சொல் என்று. நீ ஆமாம் என்றாய். அடுத்த வாரம் அவரைத் தூக்கினோம். அது அது, இது இது.

கஸ்பார்


பொன்மலை, திருச்சி
13-2-1971

அண்ணாவுக்கு,

கவர்மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்றே நினைத்தேன். பிரிக்கக் கை வரவில்லை. அவர்தான் பிரித்தார். நீலமேகத்தைச் சொல்கிறேன், நீ பெயரை எழுதாவிட்டாலும் அவருக்குப் பெயர் இருக்கிறது. படித்துவிட்டு, "யாரும் சாவல. உங்க அண்ணனுக்கு மூக்கு அடச்சிகினு கீது" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஐந்து வருஷம் கழித்து என் அண்ணனிடமிருந்து எனக்கு வந்திருப்பது ஒரு மூக்கு.

காலையிலிருந்து நின்றபடியே வேலை. விரலில் சதைத் துண்டுக்குப் போடுகிற சாயம் போகவில்லை, காகிதத்தில் நீலம் பட்டிருந்தால் பொறுத்துக்கொள்.

நீ அனுப்பியதில் என்ன எழுதியிருக்கிறது என்றால், 'எங்களுக்கு வந்த துண்டில் கெடுதி காணப்படவில்லை.' வந்த துண்டில். அந்த இரண்டு வார்த்தையை உனக்கு யாரும் படித்துச் சொல்லவில்லை. வந்த துண்டு பட்டாணி அளவு என்றும் அதிலேயே இருக்கிறது. உன் மூக்கிலிருந்து எடுத்தது பட்டாணி அளவுதானா? இத்தனை நாள் மூச்சை அடைத்த சதை அவ்வளவு சின்னதாகவா இருந்திருக்கும்?

இந்தக் கட்டியின் சுபாவத்தை எங்கள் டாக்டர் செல்வநாதன் எனக்குச் சொல்லியிருக்கிறார். வெளியே வளர வேண்டியது உள்ளே மடிந்து வளரும், கையுறை விரல்களை உள்பக்கமாகத் தள்ளிவிட்டதுபோல. அது தானாகக் கெட்டதில்லை. ஆனால் வேர் விடாமல் எடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப வரும். பத்துப் பேரில் ஒருவருக்கு அது கான்சராக மாறும். சிலருக்கு ஒரு மூலையில் மாறிவிட்டு, மற்ற இடமெல்லாம் சாதுவாக இருக்கும். அதனால்தான் கேட்கிறேன், மிச்சச் சதை எங்கே? சில ஆஸ்பத்திரிகளில் மருந்துத் தண்ணீரில் போட்டு வைத்திருப்பார்கள். கேட்டு எழுது. பட்டாணியை அறுத்து வைத்த கண்ணாடித் துண்டு அங்கே இருக்கும், அதையும் கேட்டு வாங்கி அனுப்பு. டாக்டரிடம் காட்டுகிறேன்.

நைனாவைப் பற்றி எழுதியிருக்கிறாய். கல்லறைத் தோட்டத்து கேட்டில் என்னை நிறுத்தியது யார் என்று எழுதவில்லை. எல்லாரும் உள்ளே போனீர்கள், நான் ரோட்டில் நின்றேன். ஒரு பிடி மண் போட விடவில்லை. அது அது, இது இது என்றால் எனக்கும் அப்படியேதான்.

ஹில்டா


இராயபுரம்
21-2-1971

ஹில்டா,

கண்ணாடியைப் பவுடர் டப்பாவில் பஞ்சு வைத்து ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அதை வாங்குவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது. இந்த ஜன்னலுக்குப் போனால் அந்த ஜன்னல் என்கிறான், அங்கே போனால் சாப்பிடப் போயிருக்கிறார் என்கிறான். கடைசியில், "என் தங்கச்சி இதே வேலையில் இருக்கிறாள்" என்றேன். கொடுத்துவிட்டார்கள். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன், இல்லை என்பானேன்.

மிச்சம் எங்கே என்று கேட்டிருக்கிறாய். பத்திரமாக இருக்கிறது. அதை நான் குப்பைக்கு விடுவேனா? டாக்டர் சோதனைக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டார், பாக்கி தட்டில் கிடந்தது. வார்டு ஆள் எத்திராஜைக் கேட்டேன். "இத்த வெச்சிகினு இன்னா பண்ணப் போற நைனா? நாங்க கொட்டத்தான் போறோம், எட்த்துகினு போ" என்று ஒரு பாட்டிலில் போட்டுக் கொடுத்தான். பெரிய சதை ஹில்டா, ஒரு நெல்லிக்காய் இருக்கும். பிலோமி முகத்தைத் திருப்பிக்கொண்டே பையில் வைத்துக் கொண்டுவந்தாள். எனக்கு நடக்கத் தெம்பு வந்ததும் காசிமேட்டுக் கல்லறையில் நைனா காலடியில் ஒரு முழம் தோண்டி வைத்தேன். ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னேன்.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததில்லை. நைனாவுக்குத் துறைமுகத்தில் சுமை தூக்குகிற வின்ச்சில் மாட்டி விரல் போனபோது, தாத்தா அதைத் துணியில் சுற்றி அங்கேதான் வைத்தார். சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன் என்று ஞாயிறு தவறாமல் சொல்கிறோம். எல்லாரும் எழும்புகிற அன்றைக்கு நான் மட்டும் என் மூக்கு எங்கே என்று கார்ப்பரேஷன் குப்பை லாரிக்குப் பின்னால் ஓட முடியுமா?

டாக்டருக்கு எதற்கு அவ்வளவும்? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். பட்டாணி நல்லதென்றால் பாக்கியும் நல்லதுதான்.

கேட்டைப் பற்றி எழுதியிருந்தாய். தலை வலிக்கிறது.

கஸ்பார்


பொன்மலை
3-3-1971

அண்ணா,

புத்தி இருக்கிறதா உனக்கு? அந்த நெல்லிக்காயில்தான் பதில் இருந்தது. பட்டாணியைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, பதிலைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்திருக்கிறாய், மந்திரம் வேறு சொல்லி. அந்த எத்திராஜைச் சொல்ல வேண்டும். பட்டாணியை மட்டும் அனுப்பின டாக்டரைச் சொல்ல வேண்டும். எல்லாரையும் சொல்லி என்ன ஆகப்போகிறது? இத்தனை மாதத்தில் அது மண்ணாகியிருக்கும். போய்த் தோண்டிக்கொண்டிருக்காதே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நைனா காலடியில் எனக்கு ஒரு பிடி மண் போட இடமில்லை, உன் மூக்குச் சதைக்கு இடம் இருக்கிறது. இதை வீட்டில் அவரிடம் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கண்ணாடி உடையாமல் வந்து சேர்ந்தது. டாக்டர் செல்வநாதன் ரொம்ப நேரம் பார்த்தார். கெடுதி இல்லை, பட்டாணி சாதுதான் என்றார். உன் பழமொழியை அவரிடம் சொன்னேன். சோறு என்றால் ஒரே உலை, ஒரே கொதி, ஒன்றைப் பார்த்தால் போதும். இந்தச் சதை அப்படி வேகாதே அம்மா என்றார்.

அவர் வருஷக்கணக்காக இந்த மூக்குக் கட்டிகளின் கண்ணாடிகளைச் சேர்த்து வைத்திருக்கிறார். பின்னால் கான்சராக மாறியவர்களுடையது ஒரு தட்டு, கடைசிவரை மாறாதவர்களுடையது ஒரு தட்டு. எல்லாம் மாறுவதற்கு முன்னால் எடுத்தவை. இரண்டிலிருந்தும் ஒவ்வொன்றை எடுத்து வைத்து, எது கெட்டது சொல் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். தப்பு. வேறு ஜோடி வைத்தார். அதுவும் தப்பு. "நானும் இப்படித்தான் தப்பிக்கொண்டிருக்கிறேன், ஹில்டா" என்றார். எது கெடப்போகிறது என்று முன்னாலேயே காட்டிக்கொடுக்கிற ஓர் அடையாளம் இருந்தே தீர வேண்டும் என்கிறார். ஏதாவது ஒரு சாயத்தில் தெரியலாம், ஒரு சொட்டு ரத்தத்தில் தெரியலாம். இன்றைக்கு அது யார் கையிலும் இல்லை. தன் காலத்தில் கிடைக்காது என்றும் சொல்கிறார், சொல்லிவிட்டு மறுபடியும் அதே கண்ணாடிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறார். பார்த்துப் பார்த்து எனக்கே அலுத்துவிட்டது.

ஆகவே உன் புது டாக்டர் நழுவவில்லை. தெரியாததைத் தெரியாது என்றார். ஆபரேஷன் செய்துகொள் அண்ணா. இந்தத் தடவை எடுத்ததில் ஒரு துணுக்குகூட வீட்டுக்குக் கொண்டுபோகாதே.

ஹில்டா


இராயபுரம்
12-3-1971

ஹில்டா,

எலெக்ஷன் முடிந்தும் ஒலிபெருக்கியை இறக்கவில்லை. தெருவே அலறுகிறது. காதைப் பொத்திக்கொண்டுதான் உன் கடிதத்தை மறுபடி படித்தேன்.

நீ எழுதியதிலிருந்து எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். பத்தில் ஒருவனுக்குக் கெடும். அப்படியென்றால் ஒன்பது பேர் நன்றாக இருக்கிறார்கள். நான் ஏன் அந்த ஒன்பதில் இருக்கக் கூடாது? உன் டாக்டருக்குத் தெரியவில்லை, என் டாக்டருக்குத் தெரியவில்லை, கண்ணாடிக்கும் தெரியவில்லை. யாருக்கும் தெரியாத ஒன்றுக்கு என் தாடை எதற்கு?

இந்த ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவனை வார்டில் பார்த்தேன். கஞ்சி குடிக்கிறான், மூக்கு வழியாக வருகிறது. பேசினால் ஒரு எழுத்தும் விளங்கவில்லை. அவன் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிலோமிக்கு அந்தக் கதி வேண்டாம். தவக்காலம் வேறு. ஈஸ்டர் போகட்டும், பிறகு பார்க்கலாம்.

காலையில் சவரம் செய்தபோது கன்னத்தில் நல்ல வெட்டு. சட்டையில் ரத்தத்தைப் பார்த்துப் பிலோமி கத்தின பிறகுதான் எனக்கே தெரிந்தது. வலியே இல்லை. கத்தி அவ்வளவு தீட்டல்.

கஸ்பார்


பொன்மலை
16-3-1971

அண்ணா,

கத்தி தீட்டலாக இருந்தால் வலிக்காமல் இருக்காது. உன் கன்னம் மரத்துவிட்டது. சதை நரம்பை அழுத்துகிறது, இல்லை தின்கிறது. எது என்று இங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது. ஈஸ்டர் முடிந்த மறு வாரமே போய்ப் படுத்துவிடு, அதற்குமேல் தள்ளாதே.

பத்தில் ஒன்பது என்கிறாய். அந்த ஒன்று யாருக்கு அண்ணன்?

நான் சொல்கிறேன், செய்துகொள். பின்னால் தப்பாகப் போனால் பழியை என் மேல் போடு. ஏற்கெனவே ஒன்று என் தலையில் இருக்கிறது, இன்னொன்றும் இருந்துவிட்டுப் போகட்டும்.

டாக்டர் செல்வநாதனும் உன் டாக்டரும் ஒரே காலேஜில் படித்தவர்களாம். எடுப்பதை முழுசாக ஜாடியில் போட்டு இங்கே அனுப்ப உன் டாக்டர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ரயில் பார்சலில் போட எனக்குத் தைரியம் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் லீவு போட்டு வந்து வாங்கிக்கொள்வார், ரயில்வே வேலை, பாஸ் இருக்கிறது. நான் வரமாட்டேன். அன்று கேட்டில் என்னை நிறுத்தினவர் கூப்பிடாமல் நான் அந்தப் பக்கம் வருவதாக இல்லை.

ஹில்டா


இராயபுரம்
2-5-1971

ஹில்டா,

எழுதுவதற்கு வாய் வேண்டாம் என்பதால் எழுதுகிறேன். மேல்வாயில் பாதி இல்லை. அந்த இடத்தை அடைக்கப் பல் டாக்டர் ஒரு தட்டு செய்து கொடுத்திருக்கிறார். அதை மாட்டினால் பேச்சு ஏதோ பேச்சு மாதிரி இருக்கிறது. கழற்றினால் ஊமை. இடது கன்னம் உள்ளே விழுந்துவிட்டது. கண் கீழே இறங்கி, நாள் முழுக்கத் தண்ணீர் ஒழுகுகிறது. முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிலோமி சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டியிருக்கிறாள். நானும் திருப்பவில்லை.

உன் வீட்டுக்காரர் வந்தார். அவரை நான் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறேன். கட்டிலின் கால்மாட்டில் நின்றார், ஸ்டூல் இருந்தும் உட்காரவில்லை. முகமெல்லாம் கட்டு, என்னால் வா என்றுகூடச் சொல்ல முடியாது. அவரே, "நான் நீலமேகம்" என்றார். ஜாடியைத் துண்டில் சுற்றிக்கொண்டு, "மச்சான், மடிலயே வெச்சிகினு போறேன். திருச்சி வரைக்கும் கீழ வெக்க மாட்டேன். நீ ஒண்ணும் பேஜாராவாத" என்றார். பிலோமி காப்பி வாங்கிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார். இத்தனை வருஷமாக நான் மனசில் திட்டிக்கொண்டிருந்த ஆள் குட்டையாக இருந்தான். இவர் நல்ல உயரம்.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். நான் தினமும் கோயிலுக்குப் போய் முழந்தாளில் இருந்து என்ன வேண்டிக்கொள்கிறேன் தெரியுமா? அது கான்சராக இருக்க வேண்டும் என்று. உலகத்தில் எவனாவது இப்படி ஜெபம் செய்வானா? கெட்டது என்று வந்தால், முகத்தைக் கொடுத்து உயிரை வாங்கினேன் என்று இருந்துவிடுவேன். நல்லது என்று வந்தால் இதை எதற்குக் கொடுத்தேன்? சும்மா இருந்த சதைக்கா?

எனக்கு நல்ல சேதி வேண்டாம் ஹில்டா. கெட்டது இருந்தது, முழுசாக எடுத்தாகிவிட்டது என்று இரண்டு வரி எழுது. உண்மையில் என்னவாக இருந்தாலும் சரி. ஒரு தடவை நைனாவுக்காக உன்னிடம் ஒரு பொய் கேட்டேன், நீ தரவில்லை. இப்போது எனக்காகக் கேட்கிறேன்.

கஸ்பார்


பொன்மலை
19-5-1971

அண்ணா,

கெடுதி இல்லை.

ஜாடியில் வந்ததை முழுவதும் அறுத்தோம். எலும்பை மருந்தில் ஊறவைத்து மெதுவாக்கி அதையும் அறுத்தோம். சாயம் போட்டது எல்லாம் நான்தான், வேறு யாரையும் தொடவிடவில்லை. டாக்டர் பார்த்தார், பிறகு நான் பார்த்தேன், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். எங்கேயாவது ஒரு மூலை கெட்டுப்போயிருக்காதா என்று நானும் தேடினேன். உன் ஜெபத்தைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றால் நம்புவாயா? ஒன்றும் இல்லை. சதை பெருத்து நரம்பை அழுத்தியதால் கன்னம் மரத்திருக்கிறது, அவ்வளவுதான். டாக்டர் சந்தோஷமாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "உன் அண்ணன் பிழைத்தார்" என்றார். நான் வெளியே போய்க் குழாயடியில் நின்று அழுதேன்.

நீ கேட்டபடியே ஒரு கடிதம் எழுதினேன். நன்றாகவே வந்தது. கண்ணுக்குக் கீழே எலும்பை ஒட்டினாற்போல் ஒரு கெட்ட மூலை இருந்தது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கைமீறிப் போயிருக்கும் என்றெல்லாம் எழுதியிருந்தேன். வீட்டில் அவரிடம் படித்துக் காட்டினேன். "அனுப்பு, மன்சன் நிம்மதியாத் தூங்கட்டும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "ஆமா, கான்சர்னா கரண்ட் வெக்கச் சொல்வாங்களே. அங்க போய்க் கேட்டுகினு நின்னா?" என்றார். அதுதான். அந்தப் பொய்யை நம்பி நீ கரண்ட் என்கிற கதிர் வைத்தியத்துக்கு அலைவாய், இல்லாத நோய்க்கு இருக்கிற கண்ணும் போகும். கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

அது மட்டும் காரணம் என்றால் அதுவும் பொய். எனக்கு வராது அண்ணா. நைனா கேட்டபோதும் வரவில்லை. நீ கும்பிட்டதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் ஆமாம் என்றேன். இல்லை என்று சொல்லியிருந்தால், அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் என்னைக் கட்டினவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

இன்னும் ஒன்று இருக்கிறது, கோபப்படாமல் படி. நல்லது என்று வந்ததால் முடிந்துவிட்டது என்று இல்லை. எங்காவது ஒரு துளி தங்கியிருந்தால் திரும்ப வரும். வந்தால் அது அப்போது எப்படி இருக்கும் என்று சொல்ல யாராலும் முடியாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இருக்கும் காலம்வரை. டாக்டர் உன் கண்ணாடிகளை மாறாதவர்கள் தட்டில் வைக்கவில்லை. தனியாக வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். இன்னும் வருஷம் போகட்டும் என்றார்.

ஆபரேஷன் செய்துகொள் என்று உன்னை நெருக்கியது நான். நீ ஈஸ்டர் போகட்டும் என்றாய், அதற்குமேல் தள்ள நான் விடவில்லை. மறுபடி அதே நிலைமை வந்தால் மறுபடியும் அதையேதான் சொல்வேன், வேறு எதைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. என்னைத் திட்ட வேண்டும் என்றால் நான்கு பக்கம் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. இன்னொரு ஐந்து வருஷம் என்னால் முடியாது.

ஹில்டா


இராயபுரம்
20-6-1971

ஹில்டா,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பதில் எழுதாததற்குக் காரணம் கோபம்தான், வேறு சாக்குச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னால் உடம்பெல்லாம் எரிச்சல். கிழிக்கப் போனேன், பிலோமி பிடுங்கிக்கொண்டாள். ஒரு வாரம் அவளோடும் பேசவில்லை. அது பெரிய தண்டனை ஒன்றும் இல்லை, நான் பேசுவது அவளுக்குப் பாதிதான் விளங்குகிறது.

பட்டறையில் மறுபடி சேர்ந்துவிட்டேன். மரத்தூள் ஆகாது என்று, ஆணியும் உளியும் எடுத்துக் கொடுக்கிற அறையில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். யாரும் என்ன வியாதி என்று கேட்கவில்லை, கான்சர் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். நீ தராத பொய்யை நானே எடுத்துக்கொண்டேன், பார். முதலில் நன்றாகத்தான் இருந்தது. தப்பித்தவன் என்று மரியாதை, டீக்கு யாரும் காசு கேட்பதில்லை. பிறகு அலுத்துவிட்டது. ஒரு நாள் லட்சுமணனிடம், "கான்சர் இல்லபா. சும்மா சதைதான்" என்றேன். அவன் கையிலிருந்த உளியைக் கீழே வைத்தான். பிறகு, "அப்ப இன்னாத்துக்குபா இத்த எட்த்தாங்கோ?" என்றான். "எடுக்கிறவரைக்கும் எவனுக்கும் தெரியாதுபா" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. எனக்கே அதைச் சொல்லும்போதுதான் கொஞ்சம் புரிந்தது. உன் டாக்டர் பாவம், அந்தக் கண்ணாடிகளை வைத்துக்கொண்டு எத்தனை நாளாக இப்படி உட்கார்ந்திருக்கிறாரோ.

ஜூலையில் முதல் சோதனைக்குப் போக வேண்டும். பயமாக இருக்கிறது ஹில்டா. ஆபரேஷனுக்குப் போகும்போதுகூட இவ்வளவு பயம் இல்லை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருப்பாரே, அந்த நேரத்தில் நீ கூட இருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்து உனக்குத் தெரியும், தெரிந்ததை மறைக்காமல் சொல்லியும் விடுவாய். இந்த மாதக் கடைசியில் இராயப்பர் திருநாளுக்கே வந்துவிடு. உன் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வா. பூசைக்கு வர இஷ்டமில்லை என்றால் அவர் வீட்டில் இருக்கட்டும், நண்டுக் குழம்புக்கு வேதம் கிடையாது. காசிமேட்டுக்கு நாம் இரண்டு பேரும் போகலாம். கேட்டுக்கு உள்ளே நீ முன்னால் போ, நான் பின்னால் வருகிறேன்.

ஒரு விஷயம் எழுதலாமா வேண்டாமா என்று இவ்வளவு நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். இங்கே எல்லாரும் என்னிடம் வலது பக்கமாகவே வருகிறார்கள். மீன்காரி கெங்கம்மா தெருவின் அந்த ஓரத்துக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு வந்து கூடையை இறக்குகிறாள். லட்சுமணன் ஸ்டூலை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்கிறான். கோயிலில் என் இடது பக்கம் எப்போதும் ஒரு ஆள் இடம் காலியாகவே இருக்கிறது. பிலோமிகூட வலது பக்கம் உட்கார்ந்துதான் சாதம் போடுகிறாள், அவளுக்கே அது தெரியாது. யார் மேலும் தப்பில்லை. பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும்.

நீ வந்தால் இடது பக்கம் உட்கார்.

கஸ்பார்